எஞ்சினுக்குள் போன புடவைத் துண்டு

ஜப்பான்காரன் காலத்தில், காஜா பெராங் ஊரில் என் வீட்டு வாசலில் நானும் மச்சானும் என் லாரிக்கு வேறு எஞ்சின் மாற்றினோம். கார்புரேட்டர் மாட்டும் துளையில் தூசி விழாமலிருக்க, மனைவியிடம் கெஞ்சி வாங்கிய புடவைத் துண்டை அடைத்தேன்.

எல்லாம் மாட்டி, இரண்டு நாள் ஹேண்டில் போட்டுச் சுற்றியும் எஞ்சின் இருமக்கூட இல்லை. கை கொப்பளித்ததுதான் மிச்சம்.

“எஞ்சினே ரோசாக், கெட்டுப்போச்சு. என்னை ஏன் ஏசுறீங்க மச்சான்?” என்றான் என் மச்சான்.

மூன்றாம் நாள், லாரியைப் பறிக்க வந்த ஜப்பான் சிப்பாய்களும் ஹேண்டிலைச் சுற்றிப் பார்த்தார்கள். கிளம்பவில்லை. என்னை அறைந்துவிட்டுப் போனார்கள்.

“அது கிடக்கட்டும், என் துணி எங்க?” என்றாள் மனைவி. துணிக்குப் பஞ்சமான காலம்.

அப்போதுதான் உறைத்தது. கார்புரேட்டரைக் கழற்றினேன், துணி உள்ளேதான் இருந்தது. எடுத்ததும் எஞ்சின் கிளம்பிவிட்டது.

இப்போதெல்லாம் அடைக்கும் துணியில் கயிறு கட்டி வெளியே தொங்கவிடுகிறேன். அந்தத் துண்டை மட்டும், ஜப்பான்காரன் போகும்வரை, லாரியை நிறுத்தியதும் நானே திரும்ப அடைத்துவைத்தேன்.