அழுது தொடங்கும் வால்ட்ஸ்

இரண்டு கால் உள்ளவர்களுக்கு மூன்று வரை எண்ணச் சொல்லிக் கொடுப்பதுதான் என் தொழில். கண்டியில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் வகுப்பு வைத்திருக்கிறேன். கல்யாணம் முடிவான ஜோடிகள் வருவார்கள். வரவேற்பில் எல்லார் முன்னாலும் ஒருமுறை வால்ட்ஸ் என்ற மூன்று தாள ஜோடி நடனம் ஆட வேண்டும். அதற்குள் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமலிருக்கப் பழக வேண்டும். நீங்களும் அடுத்தவர் கல்யாணத்துக்கு மேடை சோடித்து, படம் பிடித்து, பந்தி பரிமாறி ஏச்சு வாங்கியவர் என்றால் என் பாடு உங்களுக்கு விளங்கும்.

நான் பழக்குவது ஒரே ஒலிப்பதிவில்தான். வெளிநாட்டு ஓர்கெஸ்ட்ரா வாசித்தது. தொடக்கம் மெதுவாக, மைனர் என்கிற சோகச் சுரவரிசையில், பெரிய வயலின் மாதிரியான ஒற்றை செலோ விம்முகிற மாதிரி இருக்கும். நடுவில் மேஜர் என்கிற சந்தோஷச் சுரவரிசைக்கு மாறும்போது யன்னலைத் திறந்துவிட்டது போலிருக்கும். அதன்பிறகு வேகம் கூடிக் கூடி, கடைசியில் எல்லா வாத்தியமும் சேர்ந்து ஆர்ப்பரித்து முடியும். பாட்டு வரிகள் கிடையாது. அதனால் யார் வீட்டிலும் குறை சொல்ல எதுவும் இருக்காது என்று நம்பித்தான் அதைத் தெரிவு செய்தேன்.

ஒப்பாரி

ஹந்தானைத் தோட்டத்திலிருந்து ஷர்மிளா வந்தாள். ஆஸ்பத்திரியில் தாதி. நடனம் மாப்பிள்ளை வீட்டாரின் ஆசை. மகள் என்னதான் ஆடப்போகிறாள் என்று பார்க்க, பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு அம்மா செல்லம்மாவும் கூட வந்துவிட்டார். நான் பாட்டைப் போட்டேன். செலோ தொடங்கியதும் செல்லம்மாவின் முகம் மாறிவிட்டது. "நல்ல காரியத்துல எதுக்குங்க மிஸ் ஒப்பாரி வைக்கிறீங்க? நிப்பாட்டுங்க!" என்றார். ஷர்மிளா தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணமே நின்றுவிடுமோ என்று எனக்குப் பயம்.

"கொஞ்சம் பொறுங்கக்கா, மாறும்" என்று கெஞ்சினேன். அவர் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு கேட்டார். மேஜர் வந்தது. வயலின்கள் எல்லாம் ஒன்றாக எழும்பின. செல்லம்மாவின் கை தன்னால் தொடையில் தட்டத் தொடங்கியது. முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்துச் சொன்னார்: "இப்ப வெளங்குதுடி. மொதல்ல பொண்ணு ஆத்தா வீட்ட விட்டுப் போறா, பொறகு புருசன் வீட்டுல சிரிக்கிறா."

ஓட்டம்

குமார் மகியங்கனை ரோட்டில் தனியார் பஸ் ஓட்டுகிறவர். அவர் கட்டிக்கொள்ளப்போகும் சுதாவுக்குப் பல்லேகலையில் தையல் தொழிற்சாலையில் வேலை. சுதா பூப்போல ஆடுவாள். குமாரும் மெதுவான பாகம் முழுக்க நல்ல பிள்ளையாகத்தான் வருவார். வேகம் கூடும் இடம் வந்தால் மட்டும் உடம்பு விறைத்து, வலது கால் தரையை அமுக்கிக்கொண்டு நின்றுவிடும். பிரேக் பிடிக்கிறார் என்று எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

"ஏன் பயப்படுறீங்க? மத்த நாள்ல இதவிட வேகமாத்தானே போவீங்க?" என்று சுதா சீண்டினாள். மனிதர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஸ்பீக்கரையே முறைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, உண்மையான அக்கறையோடு கேட்டார்: "மிஸ், இந்த வாசிக்கிறவங்களுக்குப் பின்னால வேற பஸ் வருதா? எதுக்கு இந்த ஓட்டம்?"

அரைக் கட்டை

ஒலிபெருக்கி வேலைக்கு என்னோடு மண்டபங்களுக்கு வருபவர் ஃபாரூக் நானா; முஸ்லிம்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன். ஒரு வரவேற்பில் நிகழ்ச்சி பிந்திக்கொண்டே போனது. ஜோடி ஆடத் தொடங்கியதும் ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் பழகிய வேகமே இல்லை. செலோ அழவில்லை, மூக்கால் முனகியது. மணப்பெண் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடாத குறை.

முன்வரிசையில் இருந்தவர் மாப்பிள்ளையின் பெரியப்பா, யாழ்ப்பாணத்துச் சங்கீத வாத்தியார். விறுவிறுவென்று ஃபாரூக் நானாவிடம் போனார். "தம்பி, உது நடபைரவியில அழுதுபோட்டுச் சங்கராபரணத்தில சிரிக்கிற பாட்டெல்லோ? சுருதி அரைக் கட்டை ஏறி நிக்குது. அழவும் விடுறியள் இல்ல, சிரிக்கவும் விடுறியள் இல்ல!" நானா அவசரமாகப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தார். செலோ தன் குரலுக்குத் திரும்பியது, ஜோடியின் கால்களும் ஒரு நிலைக்கு வந்தன. வாத்தியார் போகவில்லை, விளக்கம் கேட்டபடி நின்றார். நானா பாவமாய்ச் சொன்னார்: "மண்டப மெனேஜர் நேரத்தக் கொறைக்கச் சொன்னார் மாஸ்டர். சுருதியப் பத்தி ஒண்டும் சொல்லல்லயே!"

கரண்ட்

ரோஸ்லின் டீச்சர் கணவரை இழந்து வெகுகாலம் தனியாக இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகு, கூடப் படிப்பித்த அந்தோனி சேரைக் கல்யாணம் செய்ய முடிவெடுத்தார். மகள் மெலனிக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் வாராவாரம் அம்மாவைக் காரில் கொண்டுவந்து விடுவாள். வகுப்பு முடியும்வரை வெளியே படியில் உம்மென்று உட்கார்ந்திருப்பாள். இந்த வயதில் சோகம் எதற்கு, சந்தோஷமான பாகத்திலிருந்தே தொடங்கலாமே என்று நான் டீச்சரிடம் சொல்லிப் பார்த்தேன். "வெட்டாதம்மா. அந்த இடம் நான் இருந்த இடம். அங்கயிருந்தே வாறேன்" என்றார்.

கல்யாணத்தன்று மத்தியானம் நல்ல மழை. செலோவுக்கு இருவரும் அழகாக ஆடினார்கள். சரியாக மேஜருக்கு மாறுகிற இடத்தில் கரண்ட் போய்விட்டது. மண்டபத்தில் மழைச் சத்தம் மட்டும். ஃபாரூக் நானா ஜெனரேட்டரைப் பார்க்க ஓடினார். அந்தோனி சேர் கையை விட்டார். டீச்சர் நடுத்தரையில் தனியாக நின்று, பின்வரிசையில் இருந்த மகளைத்தான் பார்த்தார்.

மெலனி எழுந்தாள். வெளியே போகப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் கையைத் தட்டி, விட்ட இடத்திலிருந்து அந்த மெட்டைச் சத்தமாகப் பாடத் தொடங்கினாள், லா லா என்று. சுருதி எங்கேயோ போனது, தாளம் மட்டும் பிசகவில்லை. கொஞ்சங் கொஞ்சமாக மண்டபமே கைதட்டியது. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், சிரித்தார், இரண்டும் ஒன்றாக. மெலனி பாட்டை நிறுத்தாமலே நடுவில் கத்தினாள்: "படியில இருந்து கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாயிருச்சு! நிக்காதீங்கம்மா, ஆடுங்க!"

இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: பிசகாமல் வாசித்துத் தந்தவர்கள் எங்கோ வெளிநாட்டில் இருக்கிறார்கள், பிசகிப் பிசகி ஆடிய எங்களுக்குத்தான் கைதட்டலும் கல்யாணக் கேக்கும் கிடைக்கின்றன.