பத்தின் தலைமாட்டில் ஒரு ஐந்து

அச்சடித்த எண்ணின் தலைமாட்டில், நீல மையில் எழுதிய ஒரு சின்ன ஐந்து. அக்காவை நினைத்தால் அதுதான் முதலில் கண்முன் வருகிறது. புதுக்கோட்டையில் ஒரு தனியார் லேப்பில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் அங்கே மூத்த டெக்னீஷியன். சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்த்து எண்ணிச் சொல்வது அவர் பொறுப்பு. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அச்செடுத்து, கவரில் போடுவது என் பொறுப்பு. அதிகம் பேசமாட்டார். என்னைப் பார்க்கும்போது மட்டும் எதையோ கேட்க வந்து நிறுத்திக்கொள்வது போலிருக்கும்.

ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் திரும்பியபோது, நான் போட்டு வைத்த கவர்களைப் பிரித்து அவர் பேனாவால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கவரை மூடினார். அடுத்த நாளும் அதே நேரம், அதே வேலை. தெரிந்தவர்களுக்காக முடிவை மாற்றுகிறாரோ? நாளைக்குப் பிரச்சினை வந்தால், அச்செடுத்தவள் நான் என்று என் தலையில் விழுமோ? கழுத்தைத் திருப்பாமல் அவரைக் கவனிக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஓனரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டது கதவுக்கு வெளியே கேட்டது.

"ரிப்போர்ட்ல கை வைக்கிறீங்களாமே?"

"ஆமா சார், வைக்கிறேன்."

ஏன் என்று ஓனர் கேட்டதற்கும் அக்கா அதையேதான் திரும்பச் சொன்னார். அன்றிலிருந்து ரிப்போர்ட் பக்கமே வரக்கூடாது என்று அவரை ரத்தம் எடுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். நான் நினைத்தது சரிதான் என்று எனக்குள் ஒரு நிம்மதி.

மூன்றாம் நாள் ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி, காய்ச்சல். "கிருமி இல்லைன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஆனா குளிரு விடமாட்டேங்குதுங்க" என்று ரிப்போர்ட்டை நீட்டினார். அதில் 105 என்றிருந்தது. நூற்றைந்து கிருமி என்றால் ஒன்றுமே இல்லை. கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். திரையில் நான் அடித்தபடியே 10⁵ இருந்தது. பத்தின் அடுக்கு ஐந்து, அதாவது ஒரு லட்சம். அச்சில் வரும்போது அந்த ஐந்து கீழே இறங்கிப் பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. திரையை மட்டுமே பார்த்துப் பழகிய நான் காகிதத்தை ஒருநாளும் படித்ததில்லை.

ரிப்போர்ட்டோடு அக்காவிடம் ஓடினேன். வாங்கிப் பார்த்தவர் கீழிருந்த ஐந்தை அடித்து, மேலே சின்னதாக எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். டாக்டருக்கு அவரே போன் செய்தார். "லட்சம்ங்க டாக்டர். நூத்தி அஞ்சு இல்லைங்க." அந்தப் பெண்ணை அன்று மாலைக்குள் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் குழந்தைக்கு ஆபத்தாகியிருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னாராம். இரண்டு பேரும் பிழைத்தார்கள். அந்த மூன்று நாட்களில் போன மற்ற ரிப்போர்ட்டுகளுக்கெல்லாம் நானும் அக்காவும் உட்கார்ந்து போன் செய்தோம்.

"ஏங்கா, மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"நீ தப்பா அடிக்கிறேன்னுல்ல நெனச்சேன். சொன்னா ஒன் வேலை போயிருமேன்னு நானே திருத்திக்கிட்டிருந்தேன். அச்சு தப்புன்னு எனக்கென்ன தெரியும்? என்னை மாத்தினப்பறம் ரிப்போர்ட்டை ஓனரே பாப்பாருன்னு இருந்துட்டேன்."

அவர் என்னைச் சந்தேகித்திருந்தார். ஆனாலும் என்னைக் காப்பாற்றினார். நான் அவரைச் சந்தேகித்து, போட்டுக் கொடுத்தேன். ஓனரிடம் சொன்னது யார் என்று அவர் கேட்கவே இல்லை. தெரிந்ததால் கேட்கவில்லையா, தெரியாததாலா? இப்போது ஆலங்குடியில் ஒரு லேப்பைப் பார்த்துக்கொள்கிறேன். காகிதத்தைப் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. அந்தக் கேள்வி மட்டும் உள்ளே கிடந்து அரிக்கிறது.

போன மாதம் ஆலங்குடி பஸ்ஸுக்காகப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றபோது அவரைப் பார்த்தேன். முடி நரைத்திருந்தது. கொஞ்ச நேரம் பேசிவிட்டு, துணிந்து, "அக்கா, அன்னைக்கு ஓனர்ட்ட சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"அங்கிட்டு ஒன் பஸ்ஸு வந்திருச்சு பாரு. போ, போய் ஏறு" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். வந்து நின்றது பொன்னமராவதி பஸ்.