வத்சலாவின் முகத்துக்கு அடியில்

மைதா மாவை நீர்க்கக் கரைத்து, ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டு, ஸ்டவ்வில் வைத்துக் கிளறினால் ஒரு வாசனை வரும். பாதி கஞ்சி, பாதி மருந்துக் கடை. பம்பாய் மாட்டுங்காவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் இரண்டாம் மாடி 'கேலரி'யில், அதாவது எல்லா வீட்டு வாசலையும் ஒட்டி ஓடுகிற பொதுத் தாழ்வாரத்தில், அந்த வாசனை பரவினால், அம்மா படம் வரைய உட்கார்ந்துவிட்டாள் என்று அத்தனை வீட்டுக்காரர்களுக்கும் தெரிந்துவிடும். பூச்சி அரிக்காமல் இருக்கத்தான் மயில்துத்தம். அந்தப் பசைக்கென்று தனிக் கரண்டி, தனிக் கிண்ணம். தொட்டால் தோல் உரிந்துவிடும் என்று மிரட்டி வைத்திருந்தாள். இன்றைக்கும் தெருவில் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு எதிரில் வந்தால், அந்த வாசனையோடு ஒரு பெயரும் எனக்கு நினைவுக்கு வரும்; கூடவே வயிறும் எரியும். வத்சலா.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. அப்பாவுக்குக் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை. அம்மா குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுவாள். கல்யாணத்துக்கு முன்பு பம்பாயிலேயே கொஞ்ச காலம் ஓவியம் படித்தவள். அப்பா ஆபீசுக்குக் கிளம்பிப்போய், டப்பாக்காரன் வந்து அவருடைய சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு போன பிறகு, தகரப் பெட்டியின் மேல் பலகையைப் போட்டு, அதன் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாளானால் பால்காரன் கூப்பிட்டாலும் காதில் விழாது. படங்கள் போவது கோட்டையில் ஒரு அச்சகத்துக்கு. அதன் முதலாளியான குஜராத்திக்காரரை நாங்கள் 'பிரஸ் சேட்' என்போம். ஒரே படத்தை வைத்துக்கொண்டு, கீழே இருக்கிற எழுத்தை மட்டும் மாற்றி, தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் குஜராத்தியிலும் நான்கு புத்தகமாகப் போட்டுவிடுவதுதான் அவருடைய சாமர்த்தியம். முடிந்த படங்களை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, பழைய புடவையில் சுற்றி, லோக்கல் ரயில் கூட்டத்தில் மார்போடு அணைத்துக்கொண்டு போவது அப்பாவின் வேலை. என்னைக்கூட அவர் அவ்வளவு பத்திரமாக ரயிலில் கூட்டிக்கொண்டு போனதில்லை.

அந்த வருஷம் மே மாத விடுமுறையில் அம்மாவுக்கு ஒரு புதுப் புத்தகம் வந்தது. ஒரு சிறுமியின் குடை காற்றில் பறந்துவிடுகிறது. அவள் அதைத் துரத்திக்கொண்டு கடைத்தெரு, ஸ்டேஷன், கடற்கரை என்று ஊரெல்லாம் ஓடுகிறாள். முதல் படத்துக்கு அம்மா என்னைத்தான் நிற்க வைத்தாள். எண்ணெய் வைத்துப் படியப் படிய வாரி, மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னல், அதற்கும் அடங்காமல் நெற்றியில் சுருண்டு நிற்கிற மயிர், காதில் தோடு, சாந்துப் பொட்டு, முன்பல்லில் இருந்த சந்து எல்லாம் அப்படியே காகிதத்தில் வந்துவிட்டன. நான் அதையே சுற்றிச் சுற்றி வந்தேன். பள்ளிக்கூடம் திறந்ததும் யார் யாரிடம் காட்டவேண்டும், யாரிடம் காட்டவே கூடாது என்பதெல்லாம்கூடத் தீர்மானமாகிவிட்டது. காட்டக்கூடாதவர்களில் முதல் ஆள், மூன்றாம் மாடி வத்சலா.

மறுநாள் காலை படத்தை எடுத்துக்கொண்டு போன அப்பா, மாலையில் அதோடேயே திரும்பி வந்தார்.

"படம் ஏ-ஒன்னாம். கொழந்தைதான் மதராஸியா இருக்காளாம்."

"மதராஸிக் கொழந்தை பின்ன எப்படி இருப்பாளாம்?" என்றாள் அம்மா.

"வாங்கறவா குஜராத்தின்னா அது குஜராத்திக் கொழந்தையா இருக்கணும், மராட்டிக்காராளுக்கு மராட்டிக் கொழந்தையா இருக்கணும். எந்த ஊர்னே தெரியப்படாதுங்கறார் சேட்."

அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டி கேலரியைப் பார்த்தாள். அங்கே வத்சலா ஒற்றைக் காலில் நொண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். அவளும் எங்களைப் போலப் பாலக்காட்டுக் குடும்பம்தான், பேசுவதும் இதே தமிழ்தான். ஆனால் பேன் தொல்லை தாங்காமல் அவள் அம்மா அந்த விடுமுறையில் அவளுக்குக் காது வரை கிராப் வெட்டிவிட்டிருந்தாள். வெளுத்த தோல், தேன் நிறக் கண், நெற்றியில் பொட்டும் இல்லை. அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"இவ மூஞ்சி எல்லாப் பாஷைக்கும் ஒத்துவரும்."

என் வாழ்நாளில் என்னைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள்; எதுவும் இப்படித் தைத்ததில்லை, இதில் என் பெயரே இல்லாவிட்டாலும்கூட. என் மூஞ்சி ஒரே ஒரு பாஷைக்குத்தான் லாயக்கு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

முழுப் படத்தையும் மறுபடி போட அம்மாவுக்குப் பொறுமை இல்லை. வெள்ளைத் தாளில் சின்ன வட்டமாக ஒன்று வெட்டி, அதில் கிராப்போடு வத்சலாவின் முகத்தை வரைந்து, பின்பக்கம் பசை தடவி, என் முகமும் பின்னலும் மறைகிற மாதிரி மேலே வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். ஓரத்தில் பிதுங்கிய பசையைத் துணியால் துடைத்தும்விட்டாள். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

"இப்போ என்னடி ஆயிடுத்து? அடியில நீதான் இருக்கே. எங்கயும் ஓடிப்போயிடலை" என்றாள் அம்மா.

அடுத்த நாளிலிருந்து வத்சலா தினமும் வந்தாள். முக்காலி மேல் ஏறி, விரித்த குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "ஏக்தம் அசையப்படாது, நேரா அந்த ஜன்னலையே பாரு" என்பாள் அம்மா. அசையாமல் நின்றதற்கு அவளுக்குக் குளுக்கோஸ் பிஸ்கட்டும், கண்ணாடித் தம்ளரில் ரோஸ் மில்க்கும். எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. நான்தான் காற்று. வத்சலாவின் கவுன் விளிம்பில் கறுப்பு நூலைக் கட்டி, மறுமுனையை என்னிடம் கொடுத்து, கட்டிலுக்கு அடியில் படுக்கச் சொல்லிவிடுவாள் அம்மா. நான் இழுத்தால் கவுன் பறக்கும். அது எப்படிப் பறக்கிறது என்று பார்த்து அம்மா வரைவாள்.

"மெள்ள இழுடி, காத்துன்னா காத்து, புயல் இல்லை."

ஒரு தடவை புயலாகவே இழுத்தேன். முக்காலி ஆட, குடை ஆட, வத்சலா "மாமீ!" என்று அலறினாள். விழவில்லை. என் அதிர்ஷ்டம் எப்போதும் அவ்வளவுதான்.

கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு அந்த விடுமுறை முழுவதும் நான் பார்த்தது வத்சலாவைத்தான். கழுத்தை நீட்டினால் அவள் முகவாய் தெரியும், கிராப்புக்குக் கீழே துருத்திக்கொண்டு நிற்கிற காது தெரியும், கீழுதடு லேசாக இடப்பக்கம் இழுத்திருப்பது தெரியும். ஒரு குறையாவது கிடைக்காதா என்று தேடித் தேடிப் பார்த்தேன். அம்மா கசக்கிப் போட்ட டிரேசிங் தாளை நீவியெடுத்து, கேலரி மூலையில் உட்கார்ந்து, வத்சலாவை வரைய ஆரம்பித்தேன். கழுதைக் காதோடு, மாறுகண்ணோடு, மூக்கு ஒழுக. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது வத்சலா என்று தெரியாவிட்டால் கழுதைக் காது வைத்து என்ன பிரயோஜனம்? ஆகவே முதலில் அவளை ஒழுங்காக வரைந்தாகவேண்டும், பிறகுதான் கெடுக்கவேண்டும். அப்படித்தான் என் கை பழகிற்று. ஒரு நாள் அந்தத் தாள்களில் ஒன்று அம்மா கையில் சிக்கியது. திட்டு விழப்போகிறது என்று நின்றேன். கழுதைக் காது வைப்பதற்கு முந்தைய படம் அது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தாள்.

"காது சரியா வந்திருக்கு" என்றாள்.

அம்மா என் படத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் வத்சலாவின் காதுக்காக.

மழை கொஞ்சம் ஓய்ந்த சமயத்தில் புத்தகம் வந்தது. அப்பா நான்கு பாஷையிலும் ஒவ்வொரு பிரதி கொண்டுவந்தார். கேலரி முழுவதும் எங்கள் வீட்டு வாசலில் கூடிவிட்டது. கீழே மளிகைக் கடை வைத்திருந்த குஜராத்திக்காரரின் மனைவி "ஆ தோ அமாரி பேபி!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். முதல் மாடி மராட்டிக்கார அம்மா "ஆம்ச்சி போர்கி" என்றாள். சேட் நினைத்தபடியே எல்லோருக்கும் அவள் சொந்தக் குழந்தையாகிவிட்டாள். வத்சலாவின் அம்மா மட்டும், கேட்கவேண்டியதைக் கேட்டாள்: "ஏன் மாமி, சொந்தப் பொண்ணை ஆத்துல வெச்சுண்டு எங்காத்துக் கொழந்தையைப் போட்டிருக்கேளே?" கேள்வியில் கவலை இருந்தது; குரலில் பூரிப்பு வழிந்தது.

நான் தமிழ்ப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கேலரிக் கோடிக்குப் போனேன். முதல் படத்தைப் பிரித்தேன். குடையோடு வத்சலா நின்றாள். அடியில் நீதான் இருக்கே என்று அம்மா சொல்லியிருக்கிறாள் அல்லவா? நகத்தால் அவள் முகத்தின் ஓரத்தைச் சுரண்டினேன். வட்டம் உரிந்து வரும், என் பொட்டு தெரியும், சந்துப் பல் தெரியும் என்று சுரண்டிக்கொண்டே இருந்தேன். மசி போயிற்று, வெள்ளை வந்தது. இன்னும் சுரண்டினேன். காகிதம் பிய்ந்து, பின்பக்கத்து எழுத்துக்கள் இரண்டு தெரிந்தன. அப்புறம் ஓட்டைதான்.

அம்மா வந்து நின்றாள். "என்னடி பண்றே, என்னத்தைத் தேடறே?"

"என்னை."

அவள் அடித்திருந்தால்கூடத் தேவலை. சிரித்தாள். அப்பாவைக் கூப்பிட்டு, "கேட்டேளா, புஸ்தகத்துக்குள்ள இவ இவளைத் தேடினாளாம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கேலரியே சிரித்தது, வத்சலாவுக்குப் புரையேறிவிட்டது. என் மூஞ்சியைப் பார்த்த பிறகு அம்மா கொஞ்சம் இறங்கி வந்து, "சரி, அழாதே, நாளைக்கு ஒன்னைத் தனியா வரையறேன்" என்றாள்.

அந்த நாளை வரவே இல்லை. அடுத்து ரயில் வண்டிக் கதை, அதற்கடுத்து யானைக் குட்டி பள்ளிக்கூடம் போகிற கதை என்று வரிசையாக வேலை வந்தது. எல்லாவற்றிலும் அதே கிராப்பு, அதே துருத்தின காது. பிறகு வத்சலா வந்து நிற்கவேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று, அம்மாவின் கைக்கே அவள் மனப்பாடம். தீபாவளிக்குத் தீபாவளி வத்சலா வீட்டார் கிங்ஸ் சர்க்கிளில் ஸ்டூடியோவுக்குப் போய் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நாமும் போவோமா என்று அப்பா கேட்டதுண்டு. "ஆத்துல நான் வரையறச்சே ஸ்டூடியோ எதுக்கு? இவ எங்க போயிடப்போறா, எப்ப வேணா வரைஞ்சுக்கலாம்" என்பாள் அம்மா. ஆக, படம் போடுகிறவள் பெற்ற பெண்ணுக்குப் பள்ளிப் பருவத்தில் ஒரு படமும் இல்லை.

நானும் குழந்தைகள் புத்தகங்களுக்குத்தான் படம் வரைகிறேன். சமீபத்தில் வந்தவை இரண்டு: நண்டோடு சண்டை போடுகிற மீனவச் சிறுமியின் கதை ஒன்று, தாராவியில் பானை மண்ணைக் குழைத்து ஊரையே கட்டுகிற சிறுமியின் கதை ஒன்று. இரண்டு பெண்ணும் அக்கா தங்கையா என்று ஒரு குட்டி வாசகி என்னிடம் கேட்டாள். அக்கா தங்கை இல்லையம்மா, இரண்டும் வத்சலா. வேறு யாரை அவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறேன்?

இப்போது கையில் இருக்கிற வேலை என் சொந்த மாட்டுங்கா நாட்களைப் பற்றியது. எழுத்தும் படமும் நானே. கட்டில் வந்தது, குடை வந்தது, பலகையின் மேல் குனிந்த அம்மாவின் பிடரி வந்தது. என் முகம் வரவில்லை. பின்னலைப் போட்டேன், பொட்டை வைத்தேன், பல்லில் சந்து விட்டேன். நிமிர்ந்து பார்த்தால் வத்சலா பின்னல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கேட்க அம்மா இல்லை. கேலரி இருந்த இடத்தில் கண்ணாடி வைத்த அடுக்குமாடி நிற்கிறது. அச்சகம் மூடப்பட்டபோது அசல் படங்கள் எல்லாம் பழைய பேப்பர் எடுக்கிற ரத்திக்காரனிடம் போய்விட்டதாகச் சேட்டின் பேரன் சொன்னான். பசையும் இப்போது யாரும் காய்ச்சுவதில்லை. கணினியில் ஒரு முகத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால், அடியில் எதுவும் மிஞ்சாது.

கடைசியில் வத்சலாவுக்கே போன் போட்டேன். நவி மும்பையில், ஐரோலியில் மகன் வீட்டில் இருக்கிறாள். அந்த வயதில் நான் எப்படி இருந்தேன் என்று கேட்டேன்.

"ஒன் மூஞ்சியை நான் எங்கடி பார்த்தேன்? மாமி ஜன்னலையே பாருன்னுட்டா. நீ கட்டிலுக்கு அடியிலன்னா இருந்தே!" என்றாள். கூடவே, "எனக்கு ஒம்மேல பொறாமைன்னா பொறாமை, கமலி. கால் கடுக்க நான் நிக்கறேன், நீ ஜோரா படுத்துண்டிருக்கே" என்றாள்.

பொறாமையையாவது எனக்கென்று விட்டுவைப்பாள் என்று பார்த்தேன். அதிலும் பங்குக்கு வந்துவிட்டாள்.

போனை வைத்துவிட்டு அந்தப் பக்கத்தை ஒரே மூச்சில் முடித்தேன். முக்காலி மேல் குடையோடு வத்சலா, பறக்கிற கவுன், கட்டிலுக்கு அடியில் இருட்டு, அந்த இருட்டிலிருந்து நீளுகிற ஒரு கை, கையில் நூல். பதிப்பகத்தில் இருக்கிற சின்னப் பெண் அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"சின்ன வயசுல நீங்க எவ்வளவு அழகு, மேடம்!" என்றாள். "ஆமா, கட்டிலுக்கு அடியில அந்தக் கை யாரோடது?"

நூலை இன்னொரு தடவை, புயலாகவே, இழுக்கவேண்டும்போல் இருந்தது.