புளி போட்டுத் தேய்த்த செம்பு

போன வாரம் பல்செட்டுக்கு அளவு கொடுக்கப் போயிருந்தேன். உள்ளறையில் உதவியாளர் பெண் ஒரு குப்பியைத் திறந்தாள். மூக்கைத் துளைக்கிற, லேசாகப் பழவாசம் கலந்த நெடி. வாயைத் திறந்தபடியே சிரித்துவிட்டேன். "வலிக்குதா சார்?" என்றாள். வலியா! அம்மாவின் நினைப்பு வந்துவிட்டது, மிக்கேலின் நினைப்பும்.

அது மெத்தில் மெதாக்ரிலேட், வினைல் குடும்பத்துத் திரவம். பெயரைக் கேட்டு ஓடிவிடாதீர்கள். அதன் மூலக்கூறுகள் கைகோத்துச் சங்கிலியாக நீண்டால் பிளாஸ்டிக், அவ்வளவுதான். சங்கிலியை எந்த உலோகம் தொடங்கும், எது கெடுக்கும் என்பதுதான் ஐம்பதுகளின் தொடக்கத்தில் நாகர்கோவில் கல்லூரி ஒன்றில் எங்களுக்குப் பிடித்த பைத்தியம். நானும் மிக்கேலும் அங்கே செய்முறை வகுப்பு உதவியாளர்கள். எனக்கு வாய் வேகம். அவனுக்குக் கை சுத்தம். கடற்கரைப் பிள்ளை. சென்னையிலிருந்து வரும் பேராசிரியரிடம் உருப்படியாக ஒன்றைக் காட்டினால் அவனுக்கு ஆராய்ச்சி இடம். இல்லையென்றால் அப்பனின் மீன்பிடி வள்ளம். கையிலிருந்ததோ, பல் வைத்தியர் ஒருவர் தயவில் கிடைத்த ஒரு சின்னக் குப்பித் திரவம்.

சோதனைக்குச் சுத்தமான வடிநீர் வேண்டும், கல்லூரியில் அதை வடிக்கும் கலமோ உடைந்து கிடந்தது. பேட்டரி கடையில் வடிநீர் வாங்கி என் வீட்டில் வைத்தோம். மறுநாள் பார்த்தால், அம்மா செம்புக்குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து, பாதி நீரை அதில் ஊற்றி, குடத்தின் வாயில் ஒரு பிச்சிப்பூவும் வைத்திருந்தாள்.

"என்னம்மா இது?"

"பின்னே? அந்தப் பய படிப்புக்குள்ள தண்ணிய மண்ணெண்ண மாதிரி குப்பியிலயா தூக்கிட்டுப் போவா? நல்ல காரியம்லா மக்கா, செம்புல கொண்டு போ."

பூவை மட்டும் எடுத்துவிட்டுப் பெருமையாகச் சுமந்துபோனேன். வேதியியல் படித்தவன்!

குடத்து நீரில் அன்னபேதி என்கிற இரும்பு உப்பு, கொஞ்சம் பெராக்சைடு, திரவம். கலங்கினால் சங்கிலி பிடித்துவிட்டது என்று அர்த்தம்; சோதனைக் குழாய் தெளிந்தே நின்றது. மறுபடியும் அப்படியே. திரவக் குப்பியின் அடி தெரிந்தது. "லேய், அப்பன் வள்ளத்துக்குத் தாரு பூசச் சொன்னாரு, நாளைக்கே போயிருதேன்," என்றான் மிக்கேல்.

குடம் காலியாகிவிட்டதால், வீட்டில் கண்ணாடிக் குப்பியில் மிச்சமிருந்த நீரைக் கொண்டுவந்தேன். இம்முறை குழாய் பாலாகக் கலங்கியது. மிக்கேல் துள்ளவில்லை. குடத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அம்மா எதப் போட்டுலே தேச்சாங்க?"

"புளி."

"வெளங்கிரும்!" சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

புளியில் கரைந்து நீரில் இறங்கிய செம்பு! மிச்சத் திரவத்தில், அன்னபேதியோடு ஒரு சொட்டு மயில்துத்தக் கரைசலை, அதாவது செம்பு உப்பை, வேண்டுமென்றே சேர்த்தோம். கலங்கவே இல்லை. "இரும்பு கூப்பிடுது, ஆளாளா வந்து கரமடி வலைய இழுக்க வடத்தப் பிடிக்கான். செம்பு வந்து கைய விடச் சொல்லுது," என்றான். பேராசிரியரிடமும் ஏறக்குறைய அதையேதான் சொன்னான், கலங்கியதையும் கலங்காததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. அவர் அவனைச் சென்னைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

பஸ் ஏறும் முன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒங்க செம்புதாம்மா எனக்கு எடம் வாங்கித் தந்துது."

"நான் அன்னைக்கே சொன்னம்லா!" என்றாள் அம்மா. இரண்டு முறை கெடுத்ததும் அதுதான் என்று கடைசிவரை நாங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவன் சொன்னது பொய்யாகியிருக்காது.

இன்று என் வீட்டுக் குடம், வாளி, வரப்போகும் பல், எல்லாமே அப்படிப்பட்ட சங்கிலிகள்தான். செம்புக்குடம் போன இடம் தெரியவில்லை. தேய்த்த கையும் இல்லை, சிரித்த மிக்கேலும் இல்லை.

"கொப்புளிங்க சார்," என்று அந்தப் பெண் பிளாஸ்டிக் தம்ளரை நீட்டினாள். வாங்கிய நான் ஒரு கணம் அதன் விளிம்பில் பூவைத் தேடினேன்.