விளக்குக் கட்டையின் அடியில்

மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையின் வாடை மழைக்காலத்தில் எங்கள் லான்மடாவ் பேட்டை அச்சகத்தை விட்டு நகரவே நகராது. இப்போது நினைத்தாலும் மூக்கைச் சுளிக்கிறேன். அந்தப் பசையில் பெரும்பகுதியைத் தின்றது ஒரு குத்துவிளக்கு அச்சுக்கட்டை. ரங்கூன் தமிழ் வீடுகளின் கல்யாணப் பத்திரிகைகளில் உச்சியில் நிற்கிற விளக்கை அதில்தான் செதுக்கியிருந்தார்கள்.

தேக்குதான் என்றாலும் ஈய எழுத்துகளைவிட அது சற்றுத் தாழ்ந்தே நிற்கும்; தாழ்ந்தால் விளக்கு வெளிறிவிடும், உயர்ந்தால் தாளைக் குத்திக் கிழிக்கும் என்பதால், அப்பா அடியில் அட்டைத் துண்டுகளை ஒட்டி, அருகில் ஓர் எழுத்தை நிறுத்தி, இரண்டின் மேலும் நகத்தை ஓட்டிப் பார்ப்பார். நகம் இடறாமல் போனால் "யாபி" என்பார். ஆயிற்று என்பதற்கு எங்கள் வீட்டில் அந்தப் பர்மியச் சொல்தான்.

அக்காவின் கல்யாணப் பத்திரிகையை அச்சடித்துக் கட்டி வைத்த பிறகு, மாவ்பி ஊர் மாப்பிள்ளை வீட்டார் கல்யாணம் வேண்டாமென்று சொல்லியனுப்பினார்கள். காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்டுக் களைத்துப்போனோம். பத்திரிகைகள் இயந்திரத்தின் கீழேயே கிடந்தன. அவற்றைத் தொட அப்பாவுக்கு மனம் வரவில்லை.

அடுத்த மழையில் விளக்குக் கட்டையின் அடி அட்டைகள் ஊறி உரிந்துவிட்டன. வேறொரு பெண்ணின் பத்திரிகைக்காக ஆள் வந்து காத்திருக்க, கடைத்தெருவில் கனத்த அட்டை கிடைக்காமல் அப்பா வெறுங்கையோடு திரும்பினார். அக்கா தன் பத்திரிகைகளை வெளியே இழுத்துக் கத்தரிக்கத் தொடங்கினாள்.

"அது வேணாம்மா," என்றார் அப்பா.

"நல்ல அட்டைப்பா. மழையில ஏன் வீணாப் போகணும்?"

ஒட்டி முடிந்ததும் அப்பா நகத்தை ஓட்டினார். இடறவில்லை, ஆனாலும் இன்னொரு முறை ஓட்டினார். அக்காதான், "யாபிப்பா, ஓட்டுங்க," என்றாள். இவ்வளவு சீக்கிரமா விட்டுக்கொடுப்பது என்று எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது.

அதன் பிறகு எத்தனையோ வீட்டு விளக்குகள் அவள் பெயரின் மேல் நின்று அச்சாயின. என் கல்யாண விளக்கும் அப்படித்தான். அவளுக்கு மட்டும் இன்னொரு பத்திரிகை அடிக்க வாய்க்கவில்லை.

இன்று அப்பாவும் இல்லை, அச்சகமும் இல்லை. இயந்திரம் பழைய இரும்புக்குப் போய்விட்டது, அந்த இடத்தில் கைபேசி உறை விற்கிறார்கள். அன்று அக்காமேல் வந்த கோபத்தைச் சுமக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் என்னோடு இருக்கிற அக்காவிடம், என் மகள் தன் கல்யாண அழைப்பைக் கைபேசியில் காட்டினாள். எழுத்தெல்லாம் பர்மியம், மேலே ஒரு குத்துவிளக்கு அசைந்து அசைந்து எரிந்தது. அக்கா கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் எரியுது," என்றாள். "இதுக்கு அடியில ஒண்ணும் வைக்க வேணாம் போல."