ஏழாம் பாகம் மச்சாளிடம்

போன ஞாயிற்றுக்கிழமை உரும்பிராயில் ஒரு சூட்கேஸ் திறக்கப்பட்டது. ரொறன்ரோவிலிருந்து வந்த என் தம்பியின் சூட்கேஸ்.

வெளிநாட்டுச் சூட்கேஸை எங்கள் வீடுகளில் எப்படித் திறப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஹோலின் நடுவில், உறவு முழுவதும் சுற்றி நிற்க, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி — "இது ஆருக்கு?" பெயருள்ள பொருள் பெயருக்குரியவருக்கு. பெயரில்லாதது முதலில் கேட்டவருக்கு. இந்தச் சட்டத்தில் மேன்முறையீடு கிடையாது.

சொக்லேட், சப்பாத்து, தலையிடி மருந்து எல்லாம் போய்ச் சேர்ந்தன. பிறகு தம்பி ஒரு புத்தகத்தைத் தூக்கினான். அட்டையில் இரண்டு இளைஞர்கள். ஒருவனுடைய டையை மற்றவன் பிடித்திருக்கிறான். சுற்றிலும், காரணமே இல்லாமல், ரோசாப்பூக்கள்.

"பிள்ளை வைச்சுவிட்டவள். ஆருக்கெண்டு கேக்க மறந்துபோனன். ஆற்றை இது?"

என்னுடையது! ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் இரண்டு ஆண்களின் காதலைச் சொல்லும் ஜப்பானியச் சித்திரக்கதை — மங்கா என்பார்கள், ஆங்கில மொழிபெயர்ப்பில். ஏழாம் பாகம். கடைசிப் பாகம். தம்பியின் மகளும் நானும் வட்சப்பில் ரகசியமாகச் செய்த ஏற்பாடு. எட்டு மாதக் காத்திருப்பு.

வாயைத் திறந்தேனா? இல்லை.

எப்படித் திறப்பது? இருபத்தைந்து வருடம் பத்திரிகை மேசையில் பிறருடைய பிழைகளைத் திருத்தியவள் நான். நான் எழுதும் இந்தப் பத்திரிகைப் பத்தியிலேயே எத்தனை நாவல்களைச் 'சுமார்' என்று ஒதுக்கியிருக்கிறேன்! இதுவோ சுமாரிலும் சுமார். மூன்றாம் பாகத்தில் ஒரு படத்தில், இருவரில் உயரமானவனுக்கு ஒரு கையில் ஆறு விரல். ஒரு போன் எடுத்தால் தீரும் சந்தேகம் இரண்டு பாகம் ஓடுகிறது. மழை பெய்தால் குடை ஒன்றுதான் இருக்கும். பாகத்துக்கு ஒரு காய்ச்சல் — ஒருவன் படுப்பான், மற்றவன் கஞ்சி வைப்பான்.

எல்லாம் தெரிகிறது. பென்சிலால் வட்டமிடக் கை துடிக்கிறது. ஆனால் லிப்டுக்குள் அந்த உயரமானவன் மற்றவனுடைய சட்டைக் கையை மெதுவாகப் பிடிக்கும் இடத்தில்... என் தேநீர் ஆறிப்போய்விடும். நல்ல புத்தகத்தை நிமிர்ந்து இருந்து வாசிக்கிறேன். இதைக் காலாட்டிக்கொண்டு வாசிக்கிறேன். இரண்டும் வாசிப்புத்தானே?

"ஆருக்கும் இல்லையெண்டால் என்னட்டைத் தாரும் தம்பி," என்றார் மச்சாள். என் கணவரின் அக்கா. ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. ஏழாம் பாகம் அவருடைய கைப்பைக்குள் போனது.

வியாழக்கிழமை பின்னேரம் போன் வந்தது.

"நீர் பேப்பரிலை இருந்தனீர். உந்தக் கதை எனக்கு விளங்கேல்லை. ஒருக்காச் சொல்லும்."

"எந்தக் கதை, மச்சாள்?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் போல.

"தொடங்கேக்கையே ரெண்டு பொடியளும் கடற்கரையிலை மோதிரம் மாத்துறாங்கள். பிறகு பாத்தால் சண்டை. பிறகு கதைக்கிறதே இல்லை. கடைசியிலை ஒருத்தன் பஸ் ஏறிப் போறான், மற்றவன் பாத்துக்கொண்டு நிக்கிறான். முடிஞ்சுது. எனக்கு ரெண்டு நாளா மனமே சரியில்லை."

மோதிரமா? கடற்கரையிலா? எட்டு மாதம் காத்திருந்த முடிவை மச்சாள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார் — அதுதான் தொடக்கம் என்று நினைத்து.

மங்காவை வலப்பக்கத்திலிருந்து வாசிக்கவேண்டும். நம் புத்தகங்களுக்குக் கடைசிப் பக்கம் எதுவோ, அதுதான் அதற்கு முதல் பக்கம். மறுபக்கத்தால் திறப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் அச்சிட்டிருப்பார்கள். மச்சாள் அதை விளம்பரம் என்று தாண்டியிருக்கிறார்.

சும்மா இருந்திருக்கலாம். மானம் தப்பியிருக்கும். ஆனால் பிழையைக் கண்ட பிறகு திருத்தாமல் விட எனக்குத் தெரியாது. அதைவிட, சேர்ந்த இருவரைப் பிரிந்தவர்களாக நினைத்து ஒரு மனுஷி கவலைப்படுவதா?

"மச்சாள், நீங்கள் மாறி வாசிச்சிட்டியள். பின்னாலையிருந்து வலப்பக்கமாத் தொடங்கோணும். அவங்கள் கடைசியிலை சேருறாங்கள்."

போனில் பக்கம் புரளும் சத்தம்.

"அது உமக்கு எப்பிடித் தெரியும்?"

"அது என்ரை புத்தகம். முதல் ஆறும் என்னட்டை இருக்கு. கறண்ட் பில் போடுற பெட்டிக்குள்ளை ஒளிச்சு வைச்சிருக்கிறன்."

இனி உறவு முழுவதற்கும் தெரியப்போகிறது என்று நினைத்தேன். "ரெண்டும் பொடியள் எண்டு யோசிக்கிறியளோ?" என்று நானே கேட்டுவிட்டேன்.

"அது அட்டையிலேயே தெரியுதே. உந்த நெட்டையன் மனசிலை இருக்கிறதை ஏன் நேரத்தோடை சொல்லேல்லை? அதைச் சொல்லும் முதல்லை."

"அதுக்கு நாலாம் பாகம் வாசிக்கோணும், மச்சாள்."

"அப்ப நாளைக்குக் காலமை வாறன். ஆறையும் எடுத்து வையும்."

"என்ரை ஏழாவது?"

"ஆறையும் முடிச்சிட்டு, இதைத் திரும்பச் சரியா வாசிச்சிட்டுத் தாறன். உமக்குத்தான் இப்ப முடிவு தெரியுமே."

முடிவு எனக்கு முதலாம் பாகத்திலேயே தெரியும், மச்சாள். அதற்காகவா வாசிக்கிறோம்?