சிவப்பு வாளி

மட்டாஞ்சேரியில் அக்கா வீட்டுக் குளியலறை மூலையில் ஒரு சிவப்பு வாளி இருந்தது. அவளுக்கென்று ஒதுக்கியது, வேறு யாரும் அதைத் தொட்டதில்லை.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் அல்ல. மிளகாய்க் கிடங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்து காம்பு கிள்ளியவள். அந்த வேலையில் கண் எரியும், தொண்டை எரியும்; கை கழுவாமல் கழிப்பறைக்குப் போய்விட்டால் கேட்கவே வேண்டாம். அதனால் அவளுக்கு அந்தரங்க இடத்தில் அரிப்பும் எரிச்சலும் தொடங்கியபோது, "மொளகாதான்டீ, வேற என்ன?" என்றாள். நாங்களும் தலையாட்டினோம். அவள் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவது எல்லாருக்கும் தெரியும். இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பார்க்க ஒருத்திக்கும் தோன்றவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டாள். புருஷன் நெருங்கினால் வலியில் உயிர் போனது, விலகிப் படுத்தாள். அந்த மனுஷன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கிடங்குல எவன்டீ?" அவளை ஊருக்கு அனுப்பிவிடுவதாக மிரட்டினான். மாமியார் மறுநாளே அந்த வாளியை வாங்கி வந்து வைத்தாள். "சீக்கு வீட்டுல பரவண்டா" என்றாள்; பரவக் கூடாதாம்.

சர்க்கரை பார்க்கிற டாக்டர் ஒவ்வொரு முறையும் காலில் புண் உண்டா, கண் மங்குகிறதா என்று விசாரிப்பார். இடுப்புக்குக் கீழே முழங்கால்வரை அவள் உடம்பே இல்லை என்பதுபோல. சொல்ல இவளுக்கும் நாக்கு எழவில்லை. கிடங்கில் சாப்பாட்டைப் பிரிக்காமலே திருப்பிக் கொண்டுபோவாள். கடைசியில் நான்தான் ஒரு பெண் டாக்டரிடம் இழுத்துப் போனேன். "சர்க்கரை ஏறினா இப்படிப் பூஞ்சை வரும், வறண்டும் போகும். மருந்து உண்டு கேட்டோ" என்றார் அவர். களிம்பில் அரிப்பு அடங்கியது. வாளி மட்டும் மூலையிலேயே இருந்தது.

போன வருஷம் அவள் புருஷனுக்கும் சர்க்கரை வந்தது. அதே பழைய டாக்டர் அவன் கேட்காமலே குரலைத் தாழ்த்தி, "சேட்டா, அந்த விஷயத்துல தளர்ச்சி உண்டா? கூச்சப்படண்டா" என்று மருந்து எழுதிக் கொடுத்தாராம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவை ஏறிட்டும் பார்க்கவில்லை. வீட்டில் மாமியார், "பாவம், நோய் செய்யுற வேலை" என்று மகன் தலையைத் தடவினாளாம். மகனுக்கு வந்தால் நோய், மருமகளுக்கு வந்தால் நடத்தைக் கேடு. தூ!

அக்கா சிவப்பு வாளியில் தண்ணீர் பிடித்து அவன் குளிக்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். மாமியார் பதறியதும் நிதானமாகச் சொன்னாளாம்: "சீக்கு வீட்டுல பரவண்டா, அம்மே."

போன வாரம் அக்கா வீட்டுக் குளியலறையில் கை கழுவப் போனேன். இப்போது அந்த வாளியில் வீடே குளிக்கிறது. அவளிடம் மன்னிப்பு மட்டும் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.